ருசி பார்க்க ஓர் ஆள்

"வரதா, கையக் கழுவினு வா. வாயத் தொற" என்று கூப்பிட்டார் சமையல்காரர் ரஷீது.

வரதன் மண்வெட்டியைச் சுவரில் சாத்திவிட்டு வந்தான். ராயபுரத்தில் ஒரு வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்கு அவன் தோட்டக்காரன். ரம்ஜான் மாதம் பிறந்த மூன்றாம் நாளிலிருந்து கூடுதலாக ஒரு வேலை. ரஷீது நோன்பு வைத்திருப்பதால் மேஜைக்குப் போகிறதையெல்லாம் அவன்தான் ருசி பார்த்துச் சொல்ல வேண்டும்.

சுதந்திரம் வந்து ஆறு வருஷமாகியும் கப்பலேற மனம் வராத துரை அவர். துரையம்மாவுக்குத்தான் வெயில் ஆகாது. இன்று மதியம் விருந்தாளிகள் நாலு பேர். எல்லாம் குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு.

வரதன் காலையில் பிடுங்கிக் கொடுத்த பீட்ரூட் தோலோடு வெந்து, உரிபட்டு, வட்ட வட்டமாக ஐஸ் பெட்டியிலிருந்து வந்திருந்தது. அடியில் சாலட் கீரை, மேலே புதினா. அதன்மேல் ரஷீது வெள்ளையாக எதையோ உதிர்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாய் இது?"

"சீஸு. ஆட்டுப்பாலக் காய்ச்சி, எலுமிச்சம்பழம் புழிஞ்சு, துணில கட்டித் தொங்கவுட்டேன்."

"திரிஞ்ச பாலா? எங்க வூட்ல இத கால்வாய்ல ஊத்துவாங்க. இதத் துன்னவா வெள்ளக்காரன் கடல் தாண்டி வந்தான்?"

"பேசாம துன்னுட்டு உப்பு சொல்லு."

வரதன் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு வில்லையை வாயில் போட்டான். "பத்தல."

ரஷீது ஒரு சிட்டிகை தூவினார். "இப்ப?"

"இன்னும் துளி போடு. பீட்ரூட்டு தித்திப்பா கீது. ஆங், இப்ப சரி. பெருநாளுக்கு நாலு நாளுதான் கீது. அப்பறம் இந்தப் பேஜாரு வுட்டுது எனக்கு."

"நல்லாப் பாத்துச் சொல்லு நைனா. என் பொழப்பே உன் நாக்குலதான் கீது."

அது விளையாட்டுப் பேச்சில்லை. நோன்புக்கு முன்னால் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தவர், நோன்பின் முதல் நாளே சூப்பில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டார். மறுநாளும் அதே கதை. இன்னொரு தடவை நடந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று துரையம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஐம்பத்திரண்டு வயதில் இனி எந்த பங்களா வாசலில் போய் நிற்பது?

சாலட் போன தட்டு வழித்துத் துடைத்த மாதிரி திரும்பி வந்தது. துரையம்மாவே சமையல்கட்டு வரை வந்து "வெரி குட்" சொல்லிவிட்டுப் போனாள். ரஷீதுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"சாயங்காலம் வூட்டுக்கு வா வரதா. நோன்புக் கஞ்சி குடிச்சிட்டுப் போவலாம்."

தண்டையார்பேட்டையில் ரஷீதின் வீட்டில், மசூதியில் பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழம் வந்தது. அவர் மனைவி ரஹீமுன்னிசா இரண்டு கிண்ணங்களில் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வரதன் ஒரு வாய் குடித்தான். ஒரே உப்பு. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணில் நீரோடு திரும்பிப் பார்த்தான்.

ரஷீது முக்கால் கிண்ணத்தைக் காலி செய்திருந்தார். "பேஷ்! இவ கைப்பக்குவம் யாருக்கும் வராது."

உள்ளேயிருந்து ரஹீமுன்னிசா பதறிக்கொண்டு குரல் கொடுத்தாள்.

"யா அல்லா! குடிக்காதீங்க. உப்ப ரெண்டு தபா போட்டுட்டேனோன்னு சந்தேகமா கீது. சமைக்கிறவங்க நாக்கு நுனில வெச்சுப் பாத்துத் துப்பினா நோன்பு முறியாது. அவசரத்துல அதக்கூட செய்யாம வுட்டுட்டேன்."

ரஷீதின் கையில் கிண்ணம் அப்படியே நின்றது. அவர் வரதனைப் பார்த்தார். இத்தனை நாளும் அவர் ருசி பார்க்காததற்குக் காரணம் நோன்பு இல்லை என்று வரதனுக்கு விளங்கியது.

அவன் தன் கிண்ணத்தைத் தூக்கி மடமடவென்று கடைசிச் சொட்டு வரை குடித்தான். பிறகு உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னான்:

"உப்பு சரியாத்தாங் கீது அக்கா. இன்னொரு கரண்டி ஊத்து."