இருபது எண்ணும் வரை

ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைக் கழுவி, காற்றடித்து, மறுமுனையில் காற்று சுத்தமாக வரும்வரை பார்த்துவிட்டான் மெக்கானிக் எதிராஜ். இனி ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. கூலரிலிருந்து திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு கேனில் விட்டு இன்ஜினை ஓடவிட்டால், இருபது எண்ணுவதற்குள் ஒரு லிட்டர் ஆயில் விழவேண்டும். அதற்குமேல் ஓடினால் கியர்பாக்ஸ் காய்ந்து கெட்டுப்போகும். உள்ளே ஒருவர் உட்கார்ந்து எண்ணி அணைக்க, வெளியே ஒருவர் கேனைப் பிடிக்கவேண்டிய வேலை அது. கூட்டாளி சூசை மஸ்கட் போனதிலிருந்து எதிராஜே சாவியைத் திருப்பிவிட்டு ஓடிவந்து பிடிப்பான். எண்ணிக்கொண்டே அணைக்க ஓடுவான். பாதி நாள் ஆயில் தரையில்தான் கொட்டும்.

"நான் வேணா உள்ள உக்காரட்டுமா?" என்றார் காரின் சொந்தக்காரர் பிச்சாண்டி.

எதிராஜ் சாவியை அவரிடம் நீட்டினான். "உக்காருங்க சார். சத்தமா எண்ணுங்க. இருபதுல ஆஃப் பண்ணிடணும்."

அவர் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல இழுத்து இழுத்து எண்ணினார். ஏழுக்குப் பிறகு தும்மினார். தும்மலையே எட்டாக வைத்துக்கொண்டு ஒன்பது என்றார். கேனைப் பிடித்தபடி எதிராஜ் வாய்விட்டுச் சிரித்தான். தன் சிரிப்புச் சத்தம் அவனுக்கே யாருடையதோ போலக் கேட்டது. இருபதில் இன்ஜின் நின்றது.

ஆயில் மயிரிழை பிசகாமல் ஒரு லிட்டர் கோட்டில் நின்றது.

"சரியா இருக்கா? நான் கெளம்பலாமா?"

எதிராஜ் கேனைக் காலுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டான்.

"கொஞ்சம் கொறையுது சார்," என்றான். "ஆயில் ஊத்தறேன், இன்னொரு தடவ எண்ணுங்க."