யாருக்கு வைத்த சோறு

குழந்தைகள் கதைப் புத்தகம் ஒன்றைப் படமாக எடுத்திருந்தார்கள். அதில் ஒரு காகம் பாட்டுப் பாடும். சிறுமியை முதுகில் ஏற்றிக்கொண்டு நிலாவுக்குப் பறக்கும். கேள்விப்பட்டதும் மண்டைக்கறுப்பன் என்ற காகத்துக்கு ரத்தம் கொதித்தது.

"அமாவாசைக்கு அமாவாசை மனுசங்க கும்பிட்டுச் சோறு வைக்கிற முன்னோர்கள் நாம. நம்மளக் கோமாளி ஆக்கிட்டாங்க. படத்தை நிறுத்துற வரைக்கும் யாரும் ஒரு பருக்கை தொடக் கூடாது" என்று தன் கூட்டத்துக்குச் சொன்னது.

"படம் பாத்தியாண்ணே?" என்றது தியேட்டர் கூரையில் குடியிருந்த அணில்.

"அந்தக் கண்றாவிய வேற பாக்கணுமா?"

அமாவாசை வந்தது. "அப்பா, வாங்க", "அம்மா, சாப்பிட வாம்மா" என்று மொட்டைமாடிகளில் மனிதர்கள் கெஞ்சினார்கள். இலைச்சோறு காய்ந்தது. மண்டைக்கறுப்பன் பசியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தது.

மறுநாள், படம் பார்த்துவிட்டு வந்த ஒரு சிறுமி கைப்பிடிச்சுவரில் பாதி முறுக்கை வைத்தாள். இது யார் வீட்டுச் செத்தவருக்கோ என்று மண்டைக்கறுப்பன் எட்டிப் பார்த்தது.

"காக்கா, உனக்குத்தான்" என்றாள் அவள்.

இத்தனை வயதில், செத்தவர்களை நினைக்காமல் அதற்கென்றே யாரும் அதைக் கூப்பிட்டதில்லை. மெல்ல இறங்கி வந்தது. கூட்டத்தைக் கரைந்து அழைக்காமல், முதல் தடவையாகத் தனியாகத் தின்றது.