குக்குறுவான் கேட்காத பாட்டு

காட்டோரத்து வீட்டில் ஒரு பியானோ இருந்தது. எஸ்தர் தன் முதல் ஆல்பத்தை அதில்தான் தனியாக வாசித்துப் பதிவு செய்தாள். மழை, ஓடை, பறவைகள் எல்லாம் அதில் பாட்டாயின. ஆல்பம் வெளியானதும் கச்சேரி செய்ய நகரத்துக்குப் போய்விட்டாள்.

பல மாதம் கழித்து, காற்றில் திறந்துகொண்ட ஜன்னலில் ஒரு குக்குறுவான் பறவை வந்து உட்கார்ந்தது.

"உன்னைப் பற்றிக்கூட ஒரு பாட்டு வாசித்தோம், கேட்டாயா?" என்றது பியானோ ஆசையாக.

"எங்கே கேட்பது? நான் கூவினால் பதிவு கெடும் என்று ஜன்னலைச் சாத்திவிட்டீர்களே! இப்போது வாசியேன்."

பியானோ முயன்று பார்த்தது. ஒரு கட்டைகூட அசையவில்லை.

"அவள் விரல் பட்டால்தான் வரும். கொஞ்சம் இரு, வந்துவிடுவாள்."

குக்குறுவான் பொழுது சாயும்வரை காத்திருந்தது. பிறகு தன் பாட்டைத் தானே ஒருமுறை கூவியது.

"நாளைக்கும் வருவாயா?" என்று பியானோ கேட்டபோது ஜன்னலில் யாரும் இல்லை.