ஊர் சேர்ந்து போட்ட ஜெபம்

கடலில் காணாமல் போனவர்களின் இணையப் பக்கங்களைத் தேடுபொறி எந்திரம் வரிசைப்படுத்தும்; அதில் எவருடைய பக்கம் முதலிடத்தில் நிற்கிறதோ, அவரைத் தேடித்தான் மீட்பு ட்ரோன் முதலில் பறக்கும். தன் கணவன் ரொசாரியோவின் பக்கத்தை மேலே ஏற்றச் சொல்லி பெல்சியா, சேவியரிடம் வந்தாள். சேவியருக்கு அந்த வித்தை அத்துப்படி.

"குறுக்கு வழில போனா தண்டனைதான் மைனி, பக்கத்த அடியில தள்ளிரும். அண்ணனப் பத்தித் தெரிஞ்சத ஆளாளுக்குச் சொந்த வார்த்தையில எழுதணும். அப்பதான் எந்திரம் நம்பும்," என்று பொறுமையாக விளக்கினான்.

ஊர் எழுதியது. பக்கம் மளமளவென்று ஏறி இரண்டாம் இடத்துக்கு வந்தது. மாலைப் பூசை முடிந்ததும் அடியில் போய் விழுந்தது.

சேவியர் கோயிலுக்கு ஓடினான்.

"ஊரே சேந்து ரொசாரியோ பக்கத்துல ஒரே ஜெபத்தப் போட்டுட்டோம்லா! ஒரு எழுத்து மாறல," என்றார் உபதேசியார், பெருமையாக.

ஒரே வாசகம் ஆயிரம் பேரிடமிருந்து வந்தால் எந்திரத்துக்கு அது மோசடி. தண்டனை ஒரு வாரம் நீடிக்கும். ரொசாரியோவின் வள்ளத்தில் அவ்வளவு நாளைக்குத் தண்ணீர் கிடையாது.

அதைச் சொல்ல அவன் வாய் திறக்கும்போது, வேறு யாரையோ தேடிக் கிளம்பிய ட்ரோன் கோபுரத்துக்கு மேலே கடலை நோக்கிப் பறந்தது.

"கேட்டுட்டாருய்யா ஆண்டவர்!" என்று ஊர் ஆர்ப்பரித்தது. பெல்சியா மணலில் முழந்தாளிட்டுக் கைகூப்பினாள்.