போலியாக இருக்கட்டும்

"எவனோ நம்ம பேர்ல ஒரு போலிப் பதிப்பை விட்டிருக்கான். இதுக்குப் போய் கண் கலங்குவியா?" மார்வின் காப்பிக் கோப்பையை ஐலாவின் பக்கம் நகர்த்தினான்.

அமெரிக்காவின் டுலூத் நகரில் இருந்த அந்தச் சின்ன அலுவலகத்தில் அவர்கள் இருவர்தான். சிற்றூர் மருத்துவமனைகள் நோயாளிகளின் விவரங்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு மென்பொருள் செய்து, இலவசமாகவே கொடுத்து வந்தார்கள். கல்லூரி நாளில் சேர்ந்து தொடங்கிய வேலை அது.

அன்று காலை நர்ஸ் டார்லீன் போனில் அழைத்திருந்தாள். புதிய பதிப்பைப் போட்டதிலிருந்து அவளுடைய மருத்துவமனையின் நோயாளி விவரங்கள் வெளியே கசிந்துகொண்டிருந்தன.

"ஐலா, மனசு சரியில்லாம இங்க சிகிச்சைக்கு வந்துட்டிருந்தா ஒரு பொண்ணு. அவளோட ரிப்போர்ட் முதலாளி கைக்கே போயிடுச்சு. வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. உங்களை நம்பித்தானே போட்டோம்?"

அந்தக் கேள்வி ஐலாவின் நெஞ்சிலேயே நின்றுவிட்டது.

"அவங்க இறக்கின ஃபைலை அனுப்பச் சொல்லியிருக்கேன்," என்றாள். "கையொப்பத்தைப் பார்த்தா தெரிஞ்சிடும்."

வெளியிடும் ஒவ்வொரு பதிப்பிலும் அவர்களில் ஒருவர் தம் ரகசியச் சாவியால் டிஜிட்டல் கையொப்பம் இடுவார். பென் டிரைவ் போன்ற சிறு கருவியில் ஆளுக்கொரு சாவி. வெளியாள் உள்ளே ஒரு எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது.

"சரிபார்த்துட்டுப் போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிறோம். யார் கேக்கிறா?" என்றான் மார்வின். "இணையதளத்துல ஒரு எச்சரிக்கை போட்டுட்டா முடிஞ்சது. நீ வீட்டுக்குப் போய்ப் படு. அம்மா போன துக்கமே இன்னும் ஆறலை உனக்கு."

அவன் எப்போதும் இப்படித்தான். அம்மாவின் அடக்கத்துக்காக அவள் ஊருக்குப் போயிருந்தபோதும், ஒரு போன்கூடப் போட்டுத் தொந்தரவு செய்யாமல், இந்தப் பதிப்பைத் தனியாளாக வெளியிட்டிருந்தான்.

ஃபைல் வந்து சேர்ந்தது. போலியாக இருக்கட்டும், பொருந்தாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே ஐலா கட்டளையைத் தட்டினாள்.

கையொப்பம் சரியானது என்றது திரை. அதன் கீழே கையொப்பமிட்டவரின் பெயர்: மார்வின் லுண்ட்.

மறுபடியும் தட்டினாள். அதே பெயர்தான் வந்தது.

"உன் சாவியை யாரோ திருடியிருக்காங்க," என்றாள். குரல் அவளுக்கே கெஞ்சலாகக் கேட்டது. "அப்படித்தானே மார்வின்? எங்கேயோ தொலைச்சிட்டேன்னு சொல்லு. நான் நம்பிடறேன்."

மார்வின் சட்டைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தான். கையொப்பச் சாவி அதில் பத்திரமாகத் தொங்கியது. மேசைமேல் வைத்துவிட்டு, உறைந்து கிடந்த ஏரி தெரிந்த சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்னோடதை நீ சரிபார்க்க மாட்டேன்னு நினைச்சேன்."