மூத்தவள் சம்மதம்

கணவாய் தாண்டி வந்திருந்த நோர்சோம், பெண்ணின் அப்பா வாங்டாக் முன்னால் பார்லிக் கள் குடத்தை வைத்தாள்.

"எங்க லுண்டுப்புக்கு உங்க பொண்ணைக் கேட்டு வந்திருக்கேன்."

"நீங்க அவன் அக்காவா?"

"இடுப்புல தூக்கி வளர்த்தவ."

"பையன் தங்கமானவன்தான். ஆனா அண்ணன்மார் ரெண்டு பேரோட சேர்ந்து ஏற்கெனவே ஒருத்தியைக் கட்டினவனாச்சே! இப்போ தனிக்குடித்தனம் போறேன்னா அவ சும்மா விடுவாளா? நாளைக்கே வந்து என் பொண்ணு முடியைப் பிடிச்சு உலுக்கினா?"

"அவ அப்படிப்பட்டவ இல்லை."

"அதை அவளே வந்து சொல்லட்டும். சம்மதம்னு அவ கையால எனக்கு வெள்ளைத் துண்டு போட்டாத்தான் பொண்ணு."

வாசலில் நின்ற லுண்டுப் தலையைக் குனிந்துகொண்டான்.

நோர்சோம் மடியிலிருந்து வெள்ளைப் பட்டுத் துண்டை எடுத்து வாங்டாக்கின் கழுத்தில் போட்டாள்.

"போட்டாச்சு. மூணு பேருக்கும் என்னைக் கட்டிவெச்ச அன்னிக்கு இவனுக்கு ஆறு வயசு. விருந்து முடியறதுக்குள்ள என் மடியிலயே தூங்கிட்டான். அன்னிலேருந்து எனக்கு இவன் பிள்ளைதான்."

வாங்டாக் கள் குடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"பொண்ணுகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லிவைங்க," என்றபடி அவள் எழுந்தாள். "என் புருஷன் காலையில எழுப்பினா சிணுங்குவான். அதட்டக் கூடாது."