பத்து நாள் விருந்து

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுகளா. ஒரு நாய்க்குப் பாலும் ரொட்டியும் சுமந்து வந்த தாயின் கதையைச் சொல்கிறேன். சின்னக் கதைதான், ஆனால் மனசு கனத்துப்போகும்.

"மாப்பிள்ளைக்கு விருந்து வந்தாச்சு!" என்று கம்பிக் கதவைத் திறந்துவிட்டார் கூண்டுக்காரர். ஆளைக் கடித்த நாய்களை அடைத்துவைக்கும் காப்பகத்தில் அவருக்கு வேலை. ஜெயிலை மாமியார் வீடு என்கிறோமே, அந்தக் கணக்கில் அங்கே வந்து சேர்கிற நாயெல்லாம் அவருக்கு மாப்பிள்ளைதான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. பாலில் பிசைந்த ரொட்டியைத் தட்டில் கொட்டி, துடைப்பக் கட்டையால் கூண்டுக்குள் தள்ளினாள்.

"தண்ணி குடிச்சுதா அண்ணே?"

"குடிச்சான், குடிச்சான். வந்ததும் வராததுமா தினம் இதே கேள்விதானா? ஒரு தடவை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுங்களேன்ம்மா, குளிர்ந்துபோயிடுவான்."

 அவள் நாய் தின்பதையே கண் கொட்டாமல் பார்த்தாள்.

கூண்டுக்காரருக்கு அவளைக் கண்டால் பாவமாக இருந்தது. பழுப்பு நாய் அது. தெருவில் விளையாடிய ஒரு சின்னப் பெண்ணைக் கீழே தள்ளித் தோளைக் குதறிவிட்டது. வழக்கு என்றதும் அதை இழுத்து வந்து விட்டுப்போன வளர்த்த மனுஷன் அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவன் பெண்டாட்டியாவது வருகிறாளே, புண்ணியவதி என்று நினைத்துக்கொண்டார்.

"பயப்படாதீங்கம்மா. கடிச்ச நாய் பத்து நாள் நல்லபடியா இருந்துட்டா வெறி இல்லைன்னு அர்த்தம், கடிபட்ட புள்ளைக்கும் ஆபத்து இல்ல."

"இருந்துடும்ல அண்ணே?"

"குத்துக்கல்லாட்டம் இருப்பான். உங்க வீட்டுல வேற யாரும்மா?"

"ஒரே பொண்ணு. உடம்பு முடியாம படுத்திருக்கா."

நாளாக ஆக, எட்ட நின்றவள் கிட்டே வந்தாள். துடைப்பக் கட்டை மூலைக்குப் போனது. தெருமுனையில் அவள் செருப்புச் சத்தம் கேட்டாலே போதும், நாய் எழுந்து வாலோடு உடம்பையும் சேர்த்து ஆட்டும். அதைத் தேடி வந்த ஒரே ஜீவன் அவள்தானே.

பத்தாம் நாள் காலை டாக்டர் வந்து பார்த்தார். வெறி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அம்மா கம்பியைப் பிடித்தபடி அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்தாள். இத்தனை நாளும் அடக்கிவைத்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது. நாய் கம்பி வழியாக மூக்கை நீட்டி அவள் விரலை நக்கியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. முதன்முதலாக அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

 கூண்டுக்காரரும் எத்தனை நேரம்தான் மென்று முழுங்குவார்?

"அம்மா... கோர்ட்டு உத்தரவும் வந்துடுச்சு. மதியம் ஊசி போட்டு முடிச்சிடுவாங்க."

தடவிய கை நின்றது. "இன்னைக்கேவா?"

"சட்டம் அப்படிம்மா. புள்ளையக் குதறின நாயை வெளிய விடமாட்டாங்க. அதுவும் அந்தப் பொண்ணோட அம்மா ஒத்தைக்கால்ல நின்னாங்களாம், இதைக் கொன்னே ஆகணும்னு."

"இப்பப் போய் வேண்டாம்னு சொன்னா... கேக்க மாட்டாங்களா?"

"யாரு சொன்னா?"

"அந்த அம்மாவே."

கூண்டுக்காரர் தலையை ஆட்டினார். "வில்லை விட்டுப் போன அம்பு திரும்பி வருமா? தீர்ப்பு முடிஞ்சுபோச்சு. இனிமே அந்தம்மாவே இங்க வந்து உக்காந்து அழுதாலும் ஒண்ணும் நடக்காது."

நாய் காலித் தட்டை மூக்கால் அவள் பக்கம் நகர்த்தி, வாலை ஆட்டியது.

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"அழறது அந்தம்மாதாண்ணே."

உங்கள் வீட்டுப் பிள்ளைகள் ஒரு கீறலும் படாமல் வளரட்டும், கண்ணுகளா. உங்கள் வாசலில் வாலாட்டும் வாயில்லா ஜீவனும் நீண்ட ஆயுசோடு இருக்கட்டும்.